கைமாறிய மலை

பிராங்க் ஹெர்பர்ட் 1965இல் வெளியிட்ட 'டியூன்' புதினத்தில், பேரரசன் ஆணைப்படி அர்ராக்கிஸ் என்னும் கோள் ஹார்க்கோனன் குலத்திடமிருந்து அட்ரெய்டீஸ் குலத்தின் கைக்கு மாறுகிறது. அம்மண்ணில் வாழும் பிரெமன் மக்களை எவரும் கேட்பதில்லை. அதனைப் படித்தபோது யான் பிறந்த மாஞ்சோலையே நெஞ்சில் எழுந்தது.

சிங்கம்பட்டி ஜமீன் அம்மலையை 1929இல் ஒரு வணிக நிறுவனத்திற்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு அளித்தது. 1952இல் ஜமீன் ஒழிப்பால் நிலம் அரசைச் சேர்ந்தது, குத்தகை நீடித்தது. கொழுந்து பறித்த என் அன்னையின் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை.

2024இல் தோட்டப் பணி நின்றது. லயன் வீட்டு வாயிலில் அமர்ந்து அன்னை சொன்னார்: "மலை யாருக்குச் சொந்தமோ, தெரியாதப்பா. அதற்கு நம் கை தெரியும்."

மாணவச் செல்வங்களே! ஆண்ட குடிகளை எழுதும்போது, உழைத்த குடிகளையும் எழுதுங்கள்.