சிம் லிம் டவரில் ஒரு செப்புப் பலகை

தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு ரோச்சோர் கால்வாய்ப் பக்கம் சில நிமிடம் நடந்தால், இரண்டு சிம் லிம்கள் வரும். கணினியும் கைப்பேசியும் தேடுவோர் சிம் லிம் ஸ்குவேருக்குள் நுழைவார்கள். ஜாலான் புசார் பக்கம் இருக்கும் சிம் லிம் டவர் வேறு உலகம். அங்கே முழுப் பொருளைவிட, பொருளுக்குள் இருப்பவைதான் அதிகம். சுவரை மறைக்கும் சின்னச் சின்ன இழுப்பறைகள். அவற்றில் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், ஐசி, சுவிட்ச்.

சென்ற மாதம் நான் அங்கே போனது அத்தையின் மின்சுருதிப் பெட்டிக்காக. 20 ஆண்டுகளாக அதை வைத்துத்தான் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறார். உள்ளே இருந்த பேட்டரி கசிந்து, மின்சாரம் தரும் சிறு பலகையின் செப்புக் கோடுகளை அரித்துவிட்டது. ஒலி எழுப்பும் பகுதிக்குச் சேதமில்லை.

“புதுசு வாங்கிடலாம் அத்தை” என்றேன்.

“வாங்கலாம்பா. ஆனா என் காது இந்தச் சத்தத்துக்குத்தான் பழகியிருக்கு.”

பழுதானது பேட்டரிப் பக்கம் என்பதால் துணிந்தேன். 230 வோல்ட் நேரடியாக வரும் பகுதி என்றால் தொட்டிருக்க மாட்டேன்.

மேல்மாடிக் கடை அங்கிள் பழைய பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கேன்” என்று ஒரே சொல். 1.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள செப்புப் பலகை ஒன்றும், பழுப்பு நிற ஃபெரிக் குளோரைடு புட்டி ஒன்றும் மேசைக்கு வந்தன.

வீட்டில் மின்சுற்றுப் பலகை செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சிறிய சிஎன்சி இயந்திரத்தின் கூர்முனையால் செம்பைச் செதுக்குவது. பலகையில் செம்பின் தடிமன் பொதுவாக 35 மைக்ரோமீட்டர்தான். பலகை சற்று வளைந்திருந்தாலும் ஓரிடத்தில் செம்பு மிஞ்சும், இன்னோரிடத்தில் முனை கண்ணாடி இழை வரை இறங்கும். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. வீவக வீட்டு அறைக்குள் பறக்கவிடக் கூடாது. மற்றொரு வழி, மார்க்கரால் கோடு வரைந்து ரசாயனத்தில் அரிக்க விடுவது. கோடுகள் நெருங்கி வந்தால் கை தடுமாறும்.

இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டும். செம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து, கறுப்பு ஸ்பிரே பெயிண்ட்டை மெல்லியதாக அடித்து, ஓர் இரவு காயவிட்டேன். இயந்திரம் கோடுகளுக்கு இடையே உள்ள பெயிண்ட்டை மட்டும் கீறியது. முனை செம்பில் லேசாகப் பட்டாலும் பாதகமில்லை. அங்கே செம்பு எப்படியும் போக வேண்டியதுதான். பிறகு சன்னலைத் திறந்துவைத்து, கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பிளாஸ்டிக் தட்டில் ரசாயனத்தை ஊற்றிப் பலகையை மெல்ல அசைத்தேன். உலோகப் பாத்திரம் கூடாது, அதையும் அரித்துவிடும். அரை மணி நேரத்துக்குள் கீறிய இடமெல்லாம் செம்பு கரைந்தது. உடனே எடுத்துக் கழுவ வேண்டும். தாமதித்தால் பெயிண்ட்டுக்கு அடியிலும் பக்கவாட்டில் அரித்து, கோடுகள் மெலிந்துவிடும்.

தின்னரால் பெயிண்ட்டைத் துடைத்து, 0.8 மில்லிமீட்டர் துளைகள் இட்டு, பாகங்களைப் பற்றவைத்தேன். மல்டிமீட்டரில் சரிபார்த்த பிறகே பெட்டியில் பொருத்தினேன்.

மிஞ்சிய திரவத்தைத் தொட்டியில் ஊற்றவே கூடாது. அதில் கரைந்திருக்கும் செம்பு நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. நம் கழிவுநீர்தான் சுத்திகரிக்கப்பட்டு நியூவாட்டராகத் திரும்புகிறது என்பதையும் நினைக்க வேண்டும். பெயர் எழுதிய பிளாஸ்டிக் புட்டியில், பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்திருக்கிறேன். வீரியம் குறையும்வரை மறுபடி பயன்படும்.

பல அடுக்குப் பலகை வேண்டுமென்றால் இணையத்தில் ஷென்சென் ஆலைகளிடம் சொல்லிச் செய்வதே சரி. ஒரே ஒரு சிறு பலகை, அதுவும் அடுத்த பாட்டு வகுப்புக்குள் வேண்டுமென்றால், வீட்டு மேசை போதும். அத்தை பெட்டியை முடுக்கி, சுருதியைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார். “ம்... இதுதான்” என்றார். சனிக்கிழமை வகுப்பு நின்றுபோகவில்லை.

பழைய பாகங்கள் கிடைத்துவந்த சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. சிம் லிம் டவர் இன்னும் இருக்கிறது. டௌன்டவுன் பாதையில் ரோச்சோர், ஜாலான் புசார் நிலையங்கள் இரண்டும் பக்கம்தான். போகும்போது பழுதான பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். பெயர் தெரியாவிட்டாலும் காட்டினால் போதும், அங்கிள்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.