மார்க்கெட்டில் கலந்த ரத்தம்

பெங்களூர் சிவாஜிநகர். 1927ல் கட்டப்பட்ட ரஸ்ஸல் மார்க்கெட்டில் ஒரு கடையில் தக்கனி உருது, அடுத்ததில் தமிழ், அதற்கடுத்ததில் கன்னடம். 1809 வாக்கில் ஆங்கிலேயர் அமைத்த கன்டோன்மென்ட்டைத் தொடர்ந்து வந்த தமிழர்களின் வாரிசுகள் இங்கே ஏராளம். 1991 டிசம்பரில் காவிரித் தகராறு கலவரமாக வெடித்து, நகரில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது ஒரு கேள்வி தெருவுக்கு வந்தது: யார் மண்ணின் மைந்தர்?

மரபணு சொல்லும் பதில் யாருக்கும் முழுதாக இனிக்காது. ஹைதராபாத் சிசிஎம்பி விஞ்ஞானிகளும் அமெரிக்க ஆய்வாளர்களும் 2009ல் வெளியிட்ட ஆய்வின்படி, பெரும்பாலான இந்தியர்கள் இரு தொன்மையான மக்கள் கூட்டங்களின் கலப்பு. கலப்பு நடந்தது சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன் என்றது 2013 ஆய்வு. பிறகுதான் சொந்த சாதிக்குள் திருமணம் என்று கதவு சாத்தப்பட்டது.

சாட்சி சொல்ல எலும்பும் வேண்டும். ஆனால் வெப்பமும் ஈரமும் மரபணுவைச் சிதைத்துவிடும். ஹரியானாவின் ராக்கிகடியில் 60க்கு மேற்பட்ட மாதிரிகளில் ஒரே ஒரு பெண்ணுடையதுதான் தேறியது. மத்திய ஆசியப் புல்வெளி மக்களின் சுவடு அவளிடம் இல்லை என்று 2019ல் அறிவித்தார்கள். இன்றைய இந்தியர் பலரிடம் அது இருக்கிறது. அப்படியானால் அவர்கள் பின்னால் வந்தவர்கள்.

கீழடியை அடுத்த கொந்தகையில் தாழிகளிலிருந்து எடுத்த எலும்புகளும் சோதனைக்குப் போயிருக்கின்றன. அவை வம்சத்தைச் சொல்லக்கூடும். எந்த மொழி பேசினார்கள் என்பதை எந்த எலும்பும் சொல்லாது.