ஹாலில் ஒரு காடு

எங்கள் திருவொற்றியூர் வீட்டில் ஒரு துளசிச் செடிகூட ஒழுங்காக வளர்ந்ததில்லை. கன்டெய்னர் லாரிப் புழுதியிலேயே பாதி உயிர் போய்விடும். அப்பேர்ப்பட்ட வீட்டு ஹாலில், போன மாதம் என் மகள் ஒரு காடே வளர்த்துவிட்டாள். கம்ப்யூட்டரில்!

''நூறு வருஷம் ஆயிடுச்சுப்பா'' என்றாள், நான் காபி குடித்து முடிப்பதற்குள்.

''துளசிக்குத் தண்ணி ஊத்த ஆளில்லை... காடு வளக்கறாளாம் காடு!'' - இது சமையலறையிலிருந்து.

காலேஜ் புராஜெக்ட். எண்ணூர் கழிமுகத்தில் இருக்கும் அலையாத்திக் காடு இனி எப்படி வளரும் என்று கணக்குப் போட வேண்டுமாம். இதில் பல ரகம் உண்டென்று எனக்கே பாடம் எடுத்தாள்.

பழைய ரகம், அட்டவணை. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையம் தேக்குத் தோட்டங்களுக்குப் போட்டது அப்படித்தான். இந்த மண், இந்த வயது என்றால் இவ்வளவு மரம், இவ்வளவு கட்டை. எல்லாம் மொத்தக் கணக்கு. தனி மரத்துக்குப் பேச்சே கிடையாது.

அடுத்தது 'ஜபோவா'. 1972-ல் ஜனக், பாட்கின், வாலிஸ் என்று அமெரிக்காவில் மூன்று பேர் தங்கள் பெயர்களைக் கிள்ளிக் கோத்து வைத்த பெயர். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் நிலம். அதில் மரத்துக்கு மரம் தனிக் கணக்கு. எவ்வளவு வெயில் கிடைத்தது, எவ்வளவு பருத்தது என்று வருஷா வருஷம் பார்க்கும். எது சாவது, எது முளைப்பது என்பதற்குத் தாயக்கட்டை உருட்டும். பெரிய மரம் விழுந்தால் வெளிச்சம் வரும், சின்னது தலைதூக்கும். ஆனால், எது எதற்குப் பக்கத்து வீடு என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

மூன்றாவது 'கிவி'.

''பழமா?'' என்றேன். முறைத்தாள்.

2000-ல் ஊட்டா பெர்கர், ஹில்டன்பிராண்ட் என்ற இரண்டு பேர் அலையாத்திக்கென்றே செய்தது. ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் ஒரு வட்டம். மரம் பருக்கப் பருக்க வட்டமும் பெருக்கும். பக்கத்து வட்டத்தோடு மோதினால் சின்ன மரம் ஒடுங்கும். புரிந்துவிட்டது... தண்டையார்பேட்டை ஷேர் ஆட்டோவில் நடு சீட்!

ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குப்பம் போனோம். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், கழியில் இறால் பிடிக்கிறவர். லேப்டாப்பைக் காட்டி, வட்டம், தாயக்கட்டை எல்லாம் சொன்னாள் மகள். அவர் பொறுமையாகக் கேட்டார். ஓர் இலையைக் கிள்ளி நீட்டினார்.

''நாக்குல வெச்சுப் பாரு பாப்பா.''

கரித்தது. உப்புத் தண்ணீரில் நின்று, உப்பை இலை வழியாகத் துப்புகிற மரம்.

''உப்புக்கும் இதுல கணக்கு இருக்கு தாத்தா.''

''எல்லாஞ் சரி. எண்ணெய் வர்ற வருசம் எங்க கீது?''

மகள் விழித்தாள்.

2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கடற்கரையில் ஒதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிக்குள்ளேயே வந்தது. சேற்றிலிருந்து விரல் விரலாக நிமிர்ந்து நிற்கிறதே, அதுதான் இந்த மரம் மூச்சு விடும் வேர். அதில் எண்ணெய் பூசினால்?

''மூக்கை அடைச்சா மாதிரி'' என்றார் பெரியவர். ''இறால் குஞ்சு தங்கறது இந்த வேருங்க நடுவுலதான். முறை வெச்சு வலை போடற எங்க பாடு, அதுக்கப்புறம் என்னாவும்?''

மகள் அங்கேயே உட்கார்ந்து 'எண்ணெய்' என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்தாள்.

''எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவைன்னு போடட்டும் தாத்தா?''

அவர் தண்ணீருக்கு அந்தப் பக்கம் நின்ற புகைபோக்கிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

''அத்த என்னைக் கேட்டா? தாயக்கட்டை எங்க கைலயா கீது?''

அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. வீடு திரும்பியதும் யாரும் சொல்லாமலே நான் செய்த முதல் காரியம், துளசிக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியது.