வானூர்தி காணும் மேடு

தேர்த்திருவிழாவன்று வீதியின் எந்த மூலையில் நின்றால் தேர் திரும்பும் அழகை நன்கு காணலாம் என்பதை எம்மூர்ப் பெரியோர் அறிவர். தேர் வரும் வழி, வெயில் விழும் திசை, பிறர்க்கு இடையூறில்லாத இடம் என்னும் மூன்றையும் ஆராய்ந்தே அவர்கள் நிற்பர். போர்விமானங்களைக் காண இடந்தேடுவோரும் இம்மூன்றையே ஆராய்கின்றனர் என்பதை, 2023ஆம் ஆண்டு ஆவணியில் என் தமையனார் குடும்பத்தைக் காணப் பிரித்தானியாவுக்குச் சென்றபோது அறிந்தேன்.

விமானத்தளத்தின் அயலில் நிற்போர் முதலிற் காற்றையே பார்க்கின்றனர். விமானம் காற்றை எதிர்த்தே மேலெழும். காற்றை எதிர்த்தே தரையிறங்கும். ஆதலின் மேல்காற்று வீசும் நாளில் ஓடுபாதையின் கிழக்குக் கோடிக்கு அப்பால் நின்றால், இறங்கும் விமானம் தலைக்கு மேலாகவே வரும். ஞாயிறு முதுகுப்புறம் இருத்தல் வேண்டும். அன்றேல் விமானம் கரிய நிழலாகவே தோன்றும். இலிங்கன்சயரிலுள்ள கொனிங்ஸ்பி, சபொக்கிலுள்ள லேக்கன்ஹீத் ஆகிய தளங்களின் வேலிக்கு வெளியே, மடிப்புக் கதிரையும் தேநீர்க் குடுவையுமாக முதியோரும் சிறுவரும் இவ்வாறு காத்திருப்பர்.

விமானத்தை மேலிருந்து கீழ்நோக்கிக் காண விரும்புவோர் வேல்சு நாட்டின் 'மாக் வளைய'த்துக்குச் செல்வர். அது டொல்கெல்லாய், மகன்லெத் என்னும் ஊர்களுக்கு இடைப்பட்ட பள்ளத்தாக்குகளின் தொடர். 'மாக்' என்பது ஒலியின் வேகத்தைக் குறிப்பதென்று பலர் மயங்குவர்; அது மகன்லெத் என்னும் ஊர்ப்பெயரின் சுருக்கமே. தாழப் பறந்து பயிலும் விமானிகள் அங்கே நிலத்துக்கு மேல் 250 அடி வரை இறங்குவர். 'காட் கிழக்கு', 'காட் மேற்கு' என வழங்கும் மலைச்சரிவுகளில் நிற்போர் அதனினும் உயரத்தில் நிற்பர். ஏ487 வீதியோரத்தில் வாகனத்தை விட்டு, ஆடுகள் மேயும் செங்குத்தான சரிவில் ஏறல் வேண்டும். மேய்ச்சல் நிலம் கமக்காரருடையது. படலையைத் திறந்தவர் சாத்திவிட்டே செல்லல் முறை. வார நாள்களிலேயே பெரும்பாலும் பறப்பு நிகழும். வரும் நேரத்தைச் சொல்வார் இல்லை. ஒன்றும் வராத நாளும் உண்டு.

காத்திருத்தலில் எனக்கு வேறொரு கல்வி இருந்தது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எம்மனோர்க்குச் செவியே ஆசான். பொம்மர், சகடை, ஹெலி என முழக்கத்தைக் கொண்டே பிரித்தறிந்தோம். ஆனால் நாம் தேடியது காணும் இடத்தையன்று. காணப்படாத இடத்தை, பனங்குற்றி பரப்பிய பதுங்குகுழியை.

மூன்று மணிநேரத்தின் பின்னர் மலையிடுக்கில் முழக்கம் எழுந்தது. என் முழங்கால்கள் தாமாகவே மடிந்தன. "சித்தப்பா, அங்கை பாருங்கோ!" என்று தமையனார் மகன் கைகாட்டினான். டைபூன் விமானமொன்று எம் காலடிக்குக் கீழே சரிந்து திரும்பியது. விமானியின் தலைக்கவசத்தையும் கண்டேன். மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலைநிமிரவும் இல்லை.

அதன் அழகு மெய்யே. ஆயினும் அங்கே பயில்வது போருக்கான பயிற்சி. எங்கோ ஒரு சிறுவன் அதே ஒலியைக் கேட்டுக் குழிதேடக் கூடும். மலையிறங்கும்போது, என் கால்கள் ஏன் மடிந்தன என்று மகன் வினவினான். கீழே வந்து சேரும்வரை அவனுக்கு அக்கதையைச் சொன்னேன். அவன் இடைமறிக்கவே இல்லை.

2019இற் பலாலி யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையமாயிற்று. இன்று பயணிகள் விமானத்தின் ஒலி கேட்டால் என் வகுப்பு மாணவர் யன்னலுக்கு ஓடுகின்றனர். அவர்களுக்கு அது நல்ல காணுமிடம். வெயில் பிற்புறம், வானம் முன்புறம். இலக்கணப் பாடமாயினும் அவ்வேளை நான் வெண்கட்டியைக் கீழே வைத்துவிடுவேன். அவர்கள் அஞ்சாமல் அண்ணாந்து பார்த்து முடியட்டும்.