வாழ்த்து அட்டைக்கு எந்த அட்டை?

எங்கள் இராஜாக்கமங்கலம் பக்கம் மார்கழி பிறந்தால் அடுத்தடுத்து இரண்டு பண்டிகை. கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை வாசலில் இருந்து இறக்குவதற்குள் பொங்கல் கரும்பு வந்துவிடும். முன்பெல்லாம் கடைகளில் கயிறு கட்டி வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். இப்போது வாழ்த்து கைபேசியில் வருகிறது, இரண்டு நாளில் மறந்தும் போகிறது. அதனால் சில வருடமாக எங்கள் தெருப் பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து தாங்களே வாழ்த்து அட்டை செய்கிறார்கள். காசு கொடுத்து எதுவும் வாங்குவதில்லை. டீத்தூள், சோப்பு, பற்பசை வந்த காலி அட்டைகளே போதும்.

செய்முறை எளிது. பெட்டியின் ஒட்டைப் பிரித்து விரித்து, ஒரு நாள் கனமான பலகையின் கீழ் வையுங்கள். அச்சடித்த பக்கம் உள்ளே போகட்டும். அதன்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி வாழ்த்து எழுதலாம். வெளியே வரும் சாம்பல் நிறப் பக்கத்தில் படம் வரையலாம். அட்டையை இரண்டு வாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்த வாக்கில் எளிதாக வளைகிறதோ, அந்த வாக்கில் மடித்தால் வெடிக்காது. மடிப்பதற்கு முன், மை தீர்ந்த பேனாவால் அளவுகோல் வைத்து ஒரு கோடு அழுத்துங்கள். வாழைச்சருகையும் நாரையும் வெட்டி ஒட்டினால் பொங்கல் பானையும் மாடும் தயார். பசைக்கு மைதாவைக் காய்ச்சினால் போதும். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் போடும் பழக்கம் உண்டு. பிள்ளைகள் கை வைக்கும் பசையில் அது வேண்டாம், அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்ளலாம்.

போன வருடம் பக்கத்து வீட்டுச் சிறுமி பளபளப்பான கெட்டி அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். வாழைக்குத் தெளிக்கும் மருந்து வந்த பெட்டி. அவள் கையில் இருந்து வாங்கி வைத்தேன்.

"நல்ல அட்டையாக்கும் சித்தி. பச்சைதானே போட்டிருக்கு!" என்றாள்.

அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. பிஸ்கட் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம், சாப்பிடலாம் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். மருந்துப் பெட்டியில் இருப்பது வேறு பச்சை. அதில் முனையில் நிற்கும் சதுரத்தின் கீழ்ப்பாதியில் ஒரு நிறம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கடுமையான நஞ்சு. அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பச்சை என்றால் நஞ்சு குறைவு என்றுதான் அர்த்தம், இல்லை என்று அல்ல. பெட்டியில் மருந்து கசிந்து காய்ந்திருந்தால் கண்ணுக்கும் தெரியாது. சிறுமியை சோப்பு போட்டுக் கை கழுவ வைத்த பிறகுதான் கத்தரிக்கோலைக் கொடுத்தேன்.

காலியான மருந்துப் பெட்டி, டப்பாக்களை மறுபடி யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி வெளியே போட்டுவைக்கக் கூடாது, உடைத்துக் குடியிருப்புக்குத் தள்ளிப் புதைக்க வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளே சொல்கின்றன. மருந்து கலந்து சாயமேற்றிய விதை வந்த பையும் பிள்ளைகள் கைக்குப் போகக் கூடாது.

இப்போது எங்கள் வீட்டில் அடுக்களை அட்டைகளுக்கென்று தனியாக ஒரு சாக்கு தொங்குகிறது. அதில் இருப்பதை மட்டும்தான் பிள்ளைகள் எடுக்கலாம். அட்டையைப் பார்த்துச் சாக்கில் போடுவது பெரியவர்கள் பொறுப்பு. வெட்டுவதும் ஒட்டுவதும் பிள்ளைகள் பாடு.