எட்ட இருந்து ஒரு படம்

என் தாயாருக்குப் புகைப்படம் என்றால் பயம் கிடையாது, மரியாதை அதிகம். அதுதான் தொல்லை! காமிராவைக் கண்டவுடன் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு, தலைப்பை இழுத்துச் செருகி, மூச்சைப் பிடித்துக் கொண்டு, கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்தவள் போல நின்று விடுவாள். எங்கள் வீட்டு ஆல்பத்தை எந்தப் பக்கம் புரட்டினாலும் அதே சாட்சிதான்.

அப்பா காலமான பிறகு அவருடைய ஸோர்க்கி-4 ரஷ்யக் காமிரா என்னிடம் வந்தது. அதிலிருந்த 50 மில்லிமீட்டர் லென்ஸில் முகம் சற்றுப் பெரிதாக விழ வேண்டுமானால் கிட்டப் போய்த்தான் ஆக வேண்டும். போவதற்குள் அம்மா சாட்சிக் கூண்டில் ஏறி விடுவாள்!

வருஷா வருஷம் தை மாதத்தில், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு எங்கள் வீட்டு வாசலில் அம்மா மோர் கொடுப்பாள். அப்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு ஒரு படத்திலும் இல்லை. அம்மாவுக்கு வயது 78. சென்ற தடவையே மோர்ப் பானையைத் தூக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது. இனியும் தள்ளிப் போடக் கூடாது என்று தோன்றிவிட்டது.

"கைபேசியில் எடுத்தால் போகிறது!" என்பீர்கள். கைபேசியைக் கண்டாலும் அதே சாட்சிதான், அம்மணி! தவிர, அப்பாவின் காமிராவில் அவள் ஒரு தடவையாவது சிரிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

ஆகவே, எட்ட இருந்து எடுக்க ஒரு பழைய தூர லென்ஸ் வாங்கப் புறப்பட்டேன். புது மிக்ஸிக்கும் குக்கருக்குமாக ஒதுக்கி வைத்த 12,000 ரூபாய்தான் கையிருப்பு. ஸோர்க்கியின் லென்ஸ் 39 மில்லிமீட்டர் மரையில் திருகிக் கொள்வது. அதே மரையில் ஜெர்மனியின் லைட்ஸும் ஜப்பானின் கானனும் அருமையான தூர லென்ஸ்கள் செய்திருக்கிறார்கள். விலையைக் கேட்டுவிட்டு மரியாதையாகக் கும்பிட்டேன். மிஞ்சியவை ரஷ்யாவின் ஜூப்பிடர்கள்: ஒன்று 85, மற்றது 135.

"135 இன்னும் பெரிதாகக் காட்டும், விலையும் குறைவு" என்றார் சென்னையில் ஒரு பழைய காமிராக் கடைக்காரர். சபலம் தட்டியது. ஆனால் இந்த ரேஞ்ச்பைண்டர் ஜாதிக் காமிராவில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. பக்கத்திலுள்ள சின்ன ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். அதில் ஒரே உருவம் இரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருப்பி ஒன்றாக்கினால் படம் தெளிவு. எவ்வளவு நீள லென்ஸைத் திருகினாலும் அந்த ஜன்னலில் காட்சி பெரிதாகாது. மூன்று மீட்டர் தூரத்தில், 4 என்ற துவார அளவில், 135-க்குத் தெளிவான ஆழம் அரைச் சாண்தான்; 85-க்கோ ஒரு சாணுக்கு மேல். ஓடியாடி மோர் ஊற்றுகிறவளை அரைச் சாணுக்குள் பிடிக்க என் கண்ணுக்குச் சாமர்த்தியம் போதாது. 85 போதும் என்று தீர்மானித்தேன்.

முதலில் காட்டிய 85 பளபளவென்று இருந்தது. துவாரத்தை முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சணம்! இரண்டாவதற்கு முன் கண்ணாடியில் ஒரு கீறல், உள்ளே சுத்தம். கீறல் படத்தில் அநேகமாகத் தெரியாது. பூஞ்சணமும் மூட்டமும்தான் படத்தை மங்க அடிக்கும். கீறலைக் காட்டியே விலையைக் குறைத்து வாங்கினேன், சரியில்லாவிட்டால் ஒரு வாரத்தில் திருப்புவதாகப் பேசிக் கொண்டு.

ஊருக்கு வந்ததும் மொட்டை மாடியிலிருந்து மலைக்கோட்டைச் சுவரை நோக்கினேன். தொலைவுக் குறியில் இரண்டு சுவரும் ஒன்றாயின. பிறகு டேப்பால் மூன்று மீட்டர் அளந்து பார்த்தேன். லென்ஸும் மூன்று என்றது. அப்பாடா! ஸோர்க்கியின் ஜன்னல் 50-க்கு மட்டுமே ஆனதால், 85-ன் எல்லை காட்ட மேலே ஒரு தனிப் பார்வைக் குழல் செருக வேண்டும். அதற்கு ஆயிரத்துச் சொச்சம். குக்கரும் போயிற்று.

இந்தக் கதம்பத்தைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் (1912-1996) காட்டு யானைகளைப் படம் பிடித்ததும் ஒரு கதம்பத்தால்தான். உடல் ஒரு காமிராவுடையது, தூர லென்ஸ் வேறொன்றுடையது, சில உறுப்புகள் அவர் கைவேலை. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று நாமகரணம் வேறு! பத்மஸ்ரீ பெற்றவருக்கே அது போதுமென்றால், ஒரு மோர்ப் பானைக்கு என் கதம்பம் போதாதா?

தை வந்தது. ஐந்து மீட்டர் தள்ளி, வேப்பமரத்தடியில் நின்றேன். பச்சை வேட்டிகள் நடுவே வந்து வந்து மறைத்தன. ஒரு சிறுவன் டம்ளரை இரண்டு கையாலும் ஏந்தினான். அம்மா குனிந்து சிரித்தாள். க்ளிக்!

பிலிம் சென்னைக்குப் போய்க் கழுவித் திரும்ப மூன்று வாரம். படத்தை அம்மாவிடம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு வெகு நேரம் பார்த்தாள். தன் முகத்தை அல்ல.

"ஏண்டி, அந்தப் பிள்ளைக்கு அரை டம்ளர்தானே ஊற்றியிருக்கிறேன்?" என்றாள். அப்புறம், "அடுத்த வருஷம் மரத்தடியில் நின்று வேடிக்கை பார்க்காதே. பக்கத்தில் வந்து பானையைப் பிடி."