பாரிஸ் எவ்வளவு தூரம்?

லண்டனிலிருந்து பாரிஸுக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 344 கிலோமீட்டர். விமானம் வானத்தில் இருப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஆனால் பயணச்சீட்டில் ஒன்றேகால் மணி என்று போட்டிருக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், இறங்க முறை வராமல் வட்டமடிப்பதும் அதில் அடக்கம். அதனால்தான், பத்து நிமிடம் முந்தி வந்துவிட்டோம் என்று விமானி அறிவிக்கும்போது எனக்குப் பெரிதாக வியப்பு வருவதில்லை.

பாரிஸ் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதும் கணக்கைக் குழப்பும். லண்டனில் காலை பத்துக்குப் புறப்பட்டால் அங்கே இறங்கும்போது பன்னிரண்டேகால். திரும்பும்போது பாரிஸில் பன்னிரண்டுக்குப் புறப்பட்டு லண்டனில் பன்னிரண்டேகாலுக்கு இறங்கலாம். பிள்ளைகளுக்கு இது பெரிய வேடிக்கை.

இந்த இரு நகரங்களுக்கும் இடையே நாள்தோறும் பறக்கும் சேவை 1919 ஆகஸ்ட் 25 அன்று தொடங்கியது. இன்றைய ஹீத்ரோவுக்கு அருகிலுள்ள ஹவுன்ஸ்லோ ஹீத்திலிருந்து லே பூர்ஜே வரை. முதல் விமானத்தில் பயணி ஒரே ஒருவர். கூடவே செய்தித்தாள்கள், டெவன்ஷயர் கிரீம், சமைப்பதற்கான காட்டுப் பறவைகள். போய்ச்சேர ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். இன்று வீட்டிலிருந்து ஹீத்ரோ, அங்கே சோதனை வரிசை, காத்திருப்பு, பறப்பு, பிறகு ஷார்ல் து கோல் நிலையத்திலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் நகருக்குள் என்று கூட்டிப் பார்த்தால் ஐந்து மணி நேரத்தைத் தொட்டுவிடும். ஜெட் எஞ்சின் மிச்சம்பிடித்ததையெல்லாம் தரை தின்றுவிடுகிறது.

நான் ரயில் கட்சி. தண்டவாளத்தின் நீளம் 492 கிலோமீட்டர், விமான வழியைவிட எவ்வளவோ சுற்று. ஆனாலும் விரைவான யூரோஸ்டார் செயின்ட் பாங்க்ரஸில் கிளம்பி இரண்டேகால் மணியில் நகரின் நடுவே, கார் து நோரில் விட்டுவிடும். 1994இல் சுரங்கம் திறந்தபோது இவ்வளவு வேகம் இல்லை. பிரான்ஸ் பக்கம் பாய்ந்து வந்த ரயில், இங்கிலாந்துக்குள் நுழைந்ததும் பழைய பாதையில் பயணிகள் ரயில்களுக்கு நடுவே முடங்கி, லண்டன் வாட்டர்லூவுக்கு வர மொத்தம் மூன்று மணி நேரமாகும். 2007இல் புதிய பாதை முழுமையாக வந்த பிறகே இங்கேயும் வேகம் பிடித்தது. கார் து நோரில் இறங்கி நடந்தால் சற்றுத் தள்ளி லாச்சப்பல். பெயர்ப்பலகை தமிழில், கடையில் முருங்கைக்காய்.

அங்கே இருக்கும் சித்திக்கு இந்தத் தூரமே வேறு. பிரான்ஸில் எத்தனை வருடம் வதிவிட அட்டையோடு இருந்தாலும், கையில் இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் லண்டன் வருவதற்குத் தனியாக விசா எடுக்க வேண்டும். விண்ணப்பம், வங்கிக் கணக்கு விவரம், கைரேகை, பிறகு வாரக்கணக்கில் காத்திருப்பு. பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருக்கிற எங்களுக்கு அந்த வில்லங்கம் இல்லை. அதனால் கலியாணங்களை அந்தப் பக்கமே வைத்துக்கொள்வதுதான் எங்கள் குடும்பத்தில் வழக்கம். நாங்கள்தான் போவோம், பெரும்பாலும் வேனில். ஃபோக்ஸ்டனில் வேனோடு ரயிலேறினால் சுரங்கம் வழியாக முப்பத்தைந்து நிமிடம், பிறகு கலேயிலிருந்து நெடுஞ்சாலை. பலகாரப் பெட்டிகளை நிறுத்துப் பார்க்க ஆளில்லை.

எவ்வளவு தூரம் என்று மாமாவிடம் கேட்டால் கிலோமீட்டர் சொல்லமாட்டார். "விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டா தாலி கட்டுக்கு நிப்பம். அஞ்சுக்கு வெளிக்கிட்டா சாப்பாட்டுக்குத்தான்."